துருநிறப் புழுக்களும் ஓர் உறிஞ்சுகுழாயும்

எங்கள் வீட்டு ஹாலில், சோபா போட வேண்டிய சுவரோரம் நாலடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. அது என் கணவருடையது. அவர் சரவாக் பக்கம் எண்ணெய் மேடைகளில் வெல்டராக வேலை பார்க்கிறார். மூன்று மாதம், நாலு மாதம் என்று போவார். வந்தால் மூன்று வாரம் வீட்டில் இருப்பார். வேலைக்குப் போனாலும் கடல், வீட்டுக்கு வந்தாலும் கடலா என்று நான் கேலி செய்வேன்.

"அங்க பைப்பு மட்டுந்தான்மா பாக்குறேன். மீனெல்லாம் இங்கதான் பாக்குறேன்" என்பார்.

எனக்கும் அந்தத் தொட்டிக்கும் ஆரம்பத்தில் பெரிய உறவு கிடையாது. அவர் இல்லாதபோது ஒரு வேளை தீனி போடுவேன். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்றுவேன். கண்ணாடியில் படியும் பாசியைக் காந்தம் வைத்த துடைப்பானால் தேய்ப்பேன். அவ்வளவுதான். எனக்கு என் வேலையே சரியாக இருந்தது. கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்தோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று எச்சிலையும் ரத்தத்தையும் குழாயால் உறிஞ்சுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. வலிக்காமல் பல் எடுத்தால் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த முறை என் கணவர் போய் நாலு வாரம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய செல்லப் பவளத்தைப் பார்த்தேன். பச்சை நிறத்தில், நுனிகள் சின்னச் சின்னச் சுத்தியல் போல விரிந்து அசையும். அன்றைக்கு அது விரியவில்லை. அதன் அடித்தண்டு முழுக்கத் துருப்பிடித்த மாதிரி இருந்தது. பவளம் எப்படித் துருப்பிடிக்கும் என்று யோசித்தபடியே தூரிகையால் தொட்டேன். துரு நகர்ந்தது.

கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். புழுக்கள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவை. இலை போலத் தட்டையாக இருந்தன. வால் பக்கம் பிளவு. ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்து அந்தத் தண்டையே போர்த்தியிருந்தன. மற்றப் பாறைகளையும் பார்த்தேன். மணலிலும் பார்த்தேன். எங்கெல்லாம் விளக்கு வெளிச்சம் நன்றாக விழுந்ததோ அங்கெல்லாம் துரு.

மேடையில் இணைப்பு சரியாக இருக்காது. படத்தையும் ஒரு குரல் செய்தியையும் அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது.

"தட்டப்புழுமா அது. தீனி ஜாஸ்தி போட்டியா?"

நான் ஜாஸ்தி போடவில்லை. அவர் காட்டிக் கொடுத்த கரண்டியில், அவர் காட்டிய அளவுதான். அதைச் சொன்னேன். சரி என்றார். ஆனால் அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு, தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே கேள், சொல்வார்கள் என்றார்.

படத்தைப் போட்டேன். சொன்னார்கள்.

"ஆன்ட்டி ஓவரா ஃபீட் பண்ணிட்டாங்க போல லா."

"இந்த அளவுக்கு வந்துட்டா முடிஞ்சிச்சி. எல்லாத்தயும் வெளிய எடுத்துக் காய வச்சிருங்க. ரெண்டு மாசம் கழிச்சிப் புதுசா ஆரம்பிங்க."

ஒருவர் அழுகிற முகத்தை மட்டும் போட்டார்.

அன்று சாயந்திரம் என் கணவரே கூப்பிட்டார். குரலில் களைப்பு தெரிந்தது. "விட்ருமா. மீன எல்லாம் கடைக்காரன்கிட்ட குடுத்துரு. நான் வந்து தொட்டியக் கலைச்சிர்றேன். ஒனக்கு எதுக்கு இந்தத் தொல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. பதினொரு வருடமாக வளர்த்த தொட்டி. மேடையில் ஒரு தடவை நண்பர் ஒருவருக்கு அடிபட்டு, அதைப் பார்த்துவிட்டு வந்தவர் மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இந்தத் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அதைக் கலைத்துவிடலாம் என்று அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னது, நான் கஷ்டப்படக் கூடாதென்றுதான். ஆனால் அதற்குள், உன்னால் முடியாது என்கிற பொருளும் இருந்தது.

"நீங்க வேலையப் பாருங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"என்னாமா பாத்துக்குவ?"

"பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் உண்மை. முதலில் செய்தது முட்டாள்தனம். பெரிய சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, தொட்டித் தண்ணீரையே உறிஞ்சி, புழுக்கள் மேல் பீய்ச்சி அடித்தேன். அவை பொல பொலவென்று உதிர்ந்து மிதந்ததைப் பார்த்து, இவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டேன். அலை மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததை யோசிக்கவில்லை. உதிர்ந்ததை எல்லாம் அது தொட்டி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த வாரக் கடைசியில், அதுவரை சுத்தமாக இருந்த பாறைகளும் துருப்பிடித்துவிட்டன. இந்தப் புழு இரண்டாகப் பிய்ந்தால் இரண்டாகவே வளரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிள்ளானில் எங்கள் கிளினிக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மீன் கடை இருந்தது. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. அடுத்த நாள் ஒரு சின்ன பாட்டிலில் பத்துப் பன்னிரண்டு புழுக்களைப் பிடித்துப் போட்டு, கைப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கல்லாவில் என் வயதுப் பெண் ஒருவர், முழங்கை வரை ஈரத்தோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் கடைக்குச் சொந்தக்காரர்.

பாட்டிலை நீட்டினேன். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எத்தன நாளா கா?"

"ஒரு வாரமா பாக்குறேன். அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும் போல."

"பீச்சி அடிச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"எல்லாரும் மொதல்ல அதான் செய்வாங்க" என்று சிரித்தார். திட்டவில்லை. "தொட்டியில புதுசா ஏதாச்சும் வச்சீங்களா? கல்லு, கோரல், ஏதாச்சும்?"

"வீட்டுக்காரர் போறதுக்கு முன்னாடி ஊதா கலருல ஒன்னு வாங்கிட்டு வந்தாரு."

"வீட்டுக்குப் போயி அதுக்கு அடியில பாருங்க. அங்கதான் ஜாஸ்தியா இருக்கும். தீனியால இது வராது கா. தீனி போட்டா வளரும், ஆனா தானா மொளைக்காது. யாரோ கொண்டாந்து விட்டாத்தான் வரும். புதுசா வாங்குறத மருந்துத் தண்ணியில முக்கி எடுத்துட்டுத்தான் உள்ள வைக்கணும்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கட்டிப் பிடித்திருப்பேன். பிறகு அவர் செய்ய வேண்டியதைச் சொன்னார். மருந்து இருக்கிறது, ஆனால் இப்போது போடக் கூடாது. "மருந்து புழுவக் கொல்லும். செத்த புழு மீனக் கொல்லும். அது சாகும்போது ஒடம்புல இருக்கிற வெசத்த தண்ணியில விட்ரும். நூறு புழு செத்தா பரவால்ல. பத்தாயிரம் ஒன்னா செத்துச்சின்னா ஒங்க தொட்டியில ஒரு மீனு தங்காது. மொதல்ல கையால எடுங்க. உறிஞ்சி எடுக்கணும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அப்புறம் என்கிட்ட வாங்க."

உறிஞ்சி எடுக்கணும். அதை யாரிடம் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் முதலில் அந்த ஊதாப் பவளத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் துரு இரண்டு அடுக்காக இருந்தது. படம் எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் அவரால் கூப்பிட முடிந்தது.

"அந்த ஊதாவ உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி மருந்துத் தண்ணியில முக்கி எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஃப்ளைட்டுக்கு லேட்டாயிருச்சிமா" என்றார்.

"முக்கலயா?"

"முக்கல." பிறகு மெதுவாக, "ஒன்ன போயி தீனி ஜாஸ்தி போட்டேன்னு சொன்னேன், பாரு" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாரம் இறங்கியது போல இருந்தது. அதன் பிறகு நான் குற்றத்தைக் கழுவுவதற்காக எதையும் செய்யவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று செய்தேன்.

கிளினிக்கில் கடைவாய்ப் பல்லை அறுத்து எடுக்கும்போது பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் உறிஞ்சுமுனைகள் உண்டு. அலமாரியில் தண்ணீர் ஒழுகி ஒரு பெட்டி நனைந்துவிட்டதால், நோயாளிகளுக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தோம். அதைக் கேட்டேன். எங்கள் டாக்டர் யாழ்ப்பாணக் குடும்பத்து அம்மா. ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் தினம் வருகிறவர்.

"உமக்கு எதுக்கு இது?" என்றார்.

"வீட்டுல மீன் தொட்டியில புழு டாக்டர்."

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "உம்மட கைக்கு அந்தப் புழுக்கள் பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். இருபத்தோரு வருடத்தில் என் கையைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

முனையை ஒரு மெல்லிய ரப்பர் குழாயில் சொருகினேன். குழாயின் மறுநுனியைக் கீழே வாளியில் விட்டேன். வாளியின் வாயில் மிக நெருக்கமாக நெய்த துணிப் பை ஒன்றைக் கட்டினேன். தண்ணீர் பையைத் தாண்டிப் போகும், புழு தங்கும். வடிந்த தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிக்கொள்ளலாம், புது உப்புத்தண்ணீர் தேவைப்படாது. விளக்கு காலை ஐந்தரைக்கே எரியும்படி மாற்றி வைத்தேன். ஆறு மணிக்கெல்லாம் புழுக்கள் வெளிச்சத்துக்கு வந்து விரித்துப் படுத்திருக்கும். அலை மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்டூலில் ஏறுவேன்.

நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்: அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் இந்த ஊரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஈறில் படாமல் ரத்தத்தை மட்டும் எடுப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும். பவளத்தின் சதையில் முனை பட்டால் அது சுருங்கிக் காயப்படும். ஓரத்திலிருந்து, சாய்வாக, ஒரு நெல் இடைவெளி விட்டு முனையைப் பிடித்தால் புழு தானாகக் கழன்று குழாய்க்குள் போகும். அவை ஒவ்வொன்றாகக் குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. முதல் நாள் பையில் ஒரு கரண்டி நிறையத் துருநிறச் சகதி இருந்தது. அதைக் கொதிநீரில் கொட்டிக் கழிப்பறையில் விட்டுவிட்டு, குளித்து, சேலை கட்டிக்கொண்டு ரயிலைப் பிடித்தேன்.

ஒரு வாரம் தினமும் ஒரு கரண்டி. குறையவே இல்லை. நான் எடுக்கிற வேகத்தில் அவை பெருகிக்கொண்டிருந்தன. எட்டாம் நாள் ஸ்டூலிலிருந்து இறங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். நான் ஏன் அவற்றைத் தேடிப் போகிறேன்? அவை என்னிடம் வரட்டும்.

அவற்றுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. அன்று சாயந்திரம் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் மேல் முழுக்கப் போர்வையைப் போர்த்தினேன். இடது மூலையில் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் திறந்து, அங்கே படிக்கிற மேசை விளக்கைக் கவிழ்த்து வைத்தேன். மோட்டாரை நிறுத்தினேன். சோறு வடித்து, ரசம் வைத்து முடித்து, அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அந்த மூலை மணல் முழுக்கச் செம்பழுப்பாகக் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. வீட்டில் தனியாக நின்று "வந்துட்டீங்களா!" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். கால் மணி நேரத்தில், ஒரு வாரத்தில் எடுத்ததைவிட அதிகமாக எடுத்தேன்.

மீன் கடை அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"போர்வையா? இத யாரு கா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. நானா செஞ்சேன்."

"அட அட. நான் இத்தன வருசமா கட வச்சிருக்கேன், எனக்குத் தோணல லா" என்றார். அவர் அதைக் கடைக்கு வந்திருந்த இன்னொருவரிடமும் அப்போதே சொன்னார். நான் மீன்களைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படியே இரண்டு வாரம் போனது. கடைசியில் மூலைக்கு வருவது பத்து இருபது புழுக்கள் என்று ஆனது. ஆனால் பாறைகளின் சந்துகளுக்குள் இருப்பவை வெளியே வரவில்லை. இனி மருந்துதான் என்று அக்கா சொன்னார். தொட்டியின் நீள அகலத்தைக் கேட்டு, கல்லையும் மணலையும் கழித்து, எத்தனை சொட்டு என்று எழுதிக் கொடுத்தார். கரி ஒரு பை கொடுத்தார். அது விஷத்தை உறிஞ்சும். "மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழிச்சிக் கரியப் போடுங்க. எதாச்சும்னா எனக்கு அடிங்க, நான் ஃபோன்ல இருப்பேன்."

தைப்பூசத்துக்குக் கிளினிக் விடுமுறை. அன்றைக்கு என்று வைத்துக்கொண்டேன். முதல் நாளே, துணி ஊற வைக்கிற இரண்டு பெரிய தோங்குகளைக் கழுவி, உப்புத்தண்ணீர் கலக்கி, மோட்டார் போட்டுச் சுற்ற விட்டிருந்தேன். காலையில் நாத்தனார் கூப்பிட்டார்.

"பத்துமலைக்கு வரலையா அண்ணி?"

"வீட்டுல ஒரு வேல இருக்கு."

"இன்னைக்கா? என்னா அப்படி வேல?"

புழு கொல்லப் போகிறேன் என்று அந்த நாளில் சொல்ல வாய் வரவில்லை. சாமியிடம் நான் கேட்டதாகச் சொல் என்று சிரித்து வைத்தேன்.

ஒன்பது மணிக்கு மருந்தை ஊற்றினேன். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது நிமிடம், பாறைச் சந்துகளிலிருந்து அவை வெளியே வர ஆரம்பித்தன. சுருண்டு, துடித்து, உதிர்ந்து, நீரோட்டத்தில் மிதந்தன. நான் எடுத்தது போக இவ்வளவா மிச்சம் என்று பயந்துவிட்டேன். ஒரு கையில் வலை, ஒரு கையில் குழாய் என்று மிதப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் மெல்ல மெல்ல மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

முப்பத்தைந்தாவது நிமிடம் மஞ்சள் மீன் வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கியது. மண்ணில் ஊர்ந்து திரியும் மாண்டரின் என்கிற நீல மீன், அந்தத் தொட்டியில் நான் ரகசியமாக விரும்பிய ஒரே ஜீவன், ஒருக்களித்துச் சாய்ந்தது.

அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்தார். ஆனால் அவர் பத்துமலையில் இருந்தார். மேளமும் கூட்டமும் சேர்ந்து காதைப் பிளந்தது.

"கா, மீனு சாயுது! இன்னும் புழு இருக்கு, மஞ்ச மீனு மூச்சு வாங்குது. கரி போடவா, இன்னும் நேரம் விடவா?"

"என்னா கா? கேக்கல! காவடி போவுது, கேக்கல!"

மூன்று தடவை கத்தினேன். பிறகு வைத்துவிட்டேன்.

இன்னும் இருபத்தைந்து நிமிடம் மருந்து இருந்தால்தான் எல்லாப் புழுவும் சாகும். இப்போது நிறுத்தினால் கொஞ்சம் பிழைத்துவிடும், மறுபடி முதலிலிருந்து பெருகலாம். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கிளினிக்கில் ஒரு விதி உண்டு. பல் பாதி வந்திருந்தாலும், நோயாளியின் உதடு வெளுத்தால் கையை எடுத்துவிட வேண்டும். பல் எங்கேயும் ஓடிவிடாது.

நிறுத்தினேன். கரிப்பையை நீர் விழுகிற இடத்தில் கட்டினேன். மருந்து ஊற்றும் முன் நிறுத்தி வைத்திருந்த, நுரை எடுக்கிற இயந்திரத்தைத் திரும்பப் போட்டேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றி, தோங்கில் இருந்த புதுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினேன். ஹால் முழுக்க ஈரம். கைலி முழங்கால் வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. மாண்டரின் அருகில் காற்றுக் குழாயைக் கொண்டுபோய் வைத்து, கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செவுள் அசைந்துகொண்டிருந்தது. அது போதும் என்றிருந்தது.

பதினொன்றரைக்கு அது நிமிர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் மீன் பாறையைக் கொத்தித் தின்னத் தொடங்கியது. நான் அப்போதுதான் காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்று நினைத்து, நின்றபடியே நாலு பிஸ்கட் தின்றேன்.

சேதமே இல்லை என்று சொல்ல முடியாது. மணலில் விசிறி விரிப்பது போல விரிந்து நிற்கும் இரண்டு நல்ல புழுக்கள் செத்துப் போயின. மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. அவற்றுக்காக வருத்தப்பட்டேன். ஆனால் ஒரு மீன்கூடப் போகவில்லை. ஒரு பவளம்கூடப் போகவில்லை.

சாயந்திரம் அக்கா நெற்றி நிறையத் திருநீறோடு வீடியோவில் வந்தார். "என்னா ஆச்சி? எனக்குப் பயத்துல படியே ஏற முடியல" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"நான் இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கன்னு சொல்லியிருப்பேன் கா" என்றார். "மீனு போயிருக்கும். நீங்க செஞ்சதுதான் சரி."

மிச்சம் பிழைத்தவற்றைப் பத்து நாள் வளர விடவில்லை. தினமும் போர்வை, தினமும் மேசை விளக்கு. பத்தாம் நாள் இரண்டாவது தடவை மருந்து ஊற்றினேன். இந்த முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழு ஒரு மணி நேரம் விட்டேன். தண்ணீர் மஞ்சளாகவில்லை. மீன்கள் நான் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. துணிப் பையைப் பிரித்து வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணினேன். பதினொன்று. அதற்கு அடுத்த வாரம் போர்வை போர்த்தி விளக்கு வைத்தேன். மூலை மணல் வெள்ளையாகவே இருந்தது. அதற்கு அடுத்த வாரமும்.

சுத்தியல் பவளம் ஒரு நாளில் விரியவில்லை. முதலில் ஒரு பக்கம் மட்டும், சந்தேகத்தோடு போல, நுனி நீட்டியது. பிறகு ஒரு காலை, விளக்கு எரிந்து அரை மணியில், எல்லா நுனிகளும் பச்சைப் பசேலென்று விரிந்து அலையில் ஆடின. அன்றைக்கு வழக்கமான ரயிலை விட்டுவிட்டேன். கிளினிக்குக்குத் தாமதமாகப் போனேன். ஏன் என்று கேட்டதற்குக் காரணத்தையும் சொன்னேன். டாக்டரம்மா, "அப்ப உம்மட சிகிச்சை சரி" என்றார்.

என் கணவர் வந்தார். பையைக் கூட வைக்கவில்லை, காலில் சப்பாத்தோடு போய்த் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். நான் டார்ச்சை எடுத்துக் கையில் கொடுத்தேன். கால் மணி நேரம் ஒவ்வொரு சந்தாகத் தேடினார். ஊதாப் பவளத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். மணலைக் கிளறிப் பார்த்தார். நான் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தேடட்டும் என்று விட்டேன்.

"ஒன்னு கூட இல்ல" என்றார் கடைசியில்.

"தெரியும்."

"எப்படிமா?"

அப்போதுதான் அந்தக் குழாயையும் முனையையும் எடுத்துக் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். சோறு ஆறிப் போகிற வரை சொன்னேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. போர்வை விஷயம் வந்தபோது மட்டும், "திரும்பச் சொல்லு" என்றார்.

சாப்பிட்ட பிறகு கைபேசியை எடுத்து வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். என் கைபேசி ஒலித்தது. குழுவில் எழுதியிருந்தார். புதுப் பவளத்தை முக்கி எடுக்காமல் வைத்தது நான்தான், தீனியால் வந்ததல்ல. என் மனைவி தொட்டியைக் கலைக்காமல், ஒரு மீனைக் கூட இழக்காமல் முழுதும் ஒழித்துவிட்டாள். எப்படி என்று தெரிய வேண்டுமென்றால் அவளிடம் கேளுங்கள், எனக்குத் தெரியாது. இவ்வளவுதான். கூடவே விரிந்த பவளத்தின் படம்.

மறுநாளே எனக்கு ஆறு செய்திகள் வந்திருந்தன. பூச்சோங்கிலிருந்து ஒருவர், ஷா ஆலமிலிருந்து இருவர். "ஆன்ட்டி" என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிளினிக் பின்கட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் பதில் எழுதினேன். முதல் வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: பீய்ச்சி அடிக்காதீர்கள்.

போன மாதம் அவர் விடுமுறையில் வந்தபோது, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பவளம் வாங்கிக்கொண்டு வந்தார். கடையில் பார்த்ததும் விட மனசு வரவில்லை என்றார். பையோடு தொட்டிப் பக்கம் போனவரை மறித்து வாங்கிக்கொண்டேன். மருந்துத் தண்ணீரில் முக்கி, பல் துலக்கும் பிரஷ்ஷால் அடியைத் தேய்த்து, சமையலறை மேடையில் தனியாக வைத்திருக்கும் சின்னத் தொட்டியில் இறக்கினேன்.

"சுத்தமாத்தான்மா இருக்கு. இப்பவே உள்ள வச்சா என்னா?"

"நாலு வாரம்."

"நாலு வாரத்துல எனக்கு லீவு முடிஞ்சிரும். நான் பாக்கவே முடியாது."

"ஃபோட்டோ அனுப்புறேன்" என்றேன்.